சேரும் வயது வேறு, முனைக்குப் போகும் வயது வேறு

(வேலூரில் பெற்றோரும் இளைஞர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும் தம்பிகளே, வணக்கம்.

முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று லாங்கு பஜார் மணிக்கூண்டில் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். இப்படிப்பட்ட மண்ணில் நின்று பட்டாளம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையைப் போர்முனையில் நிறுத்தலாமா என்றுதான் கேட்கிறேன். கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2022 ஜூனில் முப்படைகளுக்கும் ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டம் வந்தது. பதினேழரை வயதிலேயே சேரலாம். சேவை நான்கு ஆண்டு. அதன் பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை படையில் தொடரலாம். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். பயிற்சி ஏறக்குறைய ஆறு மாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், பயிற்சி முடியும்போது பையனுக்குப் பதினெட்டு. 18 நிறையாதவரைப் போர்ப் பகுதிக்கு அனுப்பமாட்டோம் என்று 2005-ல் இந்தியா ஐ.நா.விடம் உறுதி கொடுத்திருக்கிறது. நல்ல உறுதிதான். ஆனால் பிறந்தநாள் வந்த மறுநாளே அந்தப் பாதுகாப்பு தீர்ந்துவிடுகிறது.

அதே பையன் கல்யாணம் செய்துகொள்ள 21 ஆக வேண்டும். மதுக்கடையில் பாட்டில் வாங்கவும் 21. போரா சமாதானமா என்று விவாதிக்கும் மக்களவைக்குப் போட்டியிட 25. அமெரிக்காவில் பதினெட்டு வயதுப் பையன்களை வியட்நாமுக்கு அனுப்பிவிட்டு, ஓட்டுப் போட மட்டும் 21 ஆகட்டும் என்றார்கள். இந்த அநியாயத்தை எதிர்த்துக் குரல் எழுந்த பிறகுதான் 1971-ல் அங்கே வாக்குரிமை வயது பதினெட்டானது.

ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போனவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னே வரிசை. 1.6 கிலோமீட்டர் ஓட்டம், ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவது, கம்பியில் தொங்கி பத்து புல்-அப்ஸ், மூச்சை இழுத்து நெஞ்சை ஐந்து சென்டிமீட்டர் விரித்துக் காட்டுவது. இதிலெல்லாம் பதினெட்டு வயதுக்காரனை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் பக்கத்தில் இருந்தவன் குண்டடிபட்டு விழும்போது இவன் என்ன செய்வான் என்பதை எந்த டேப்பும் அளந்து சொல்லாது.

“கார்கிலில் யோகேந்திர சிங் யாதவ் டைகர் ஹில் ஏறும்போது வயது பத்தொன்பதுதானே?” என்று கேட்பீர்கள். உண்மைதான். உடம்பெல்லாம் குண்டு துளைத்தும் போராடி, பரம்வீர் சக்கரம் பெற்றவர். ஆனால் அவர் 1996-லேயே சேர்ந்தவர். அந்த 1999 ஜூலை இரவுக்கு முன் இரண்டரை ஆண்டு சீருடையில் இருந்திருக்கிறார், அனுபவசாலிகளோடு பழகித் தேறியிருக்கிறார். அவர் வீரத்தை வணங்குகிறேன். அந்த இரண்டரை ஆண்டை ஏன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது?

முதல் உலகப் போரில் பிரிட்டன் பதினெட்டில் ஆள் சேர்த்தது. கடல் கடந்து போருக்கு அனுப்பப் பத்தொன்பது ஆக வேண்டும் என்று வைத்திருந்தது. 1918-ல் ஜெர்மானியர் நெருக்கியபோதுதான் அதைப் பதினெட்டரையாகக் குறைத்தார்கள். சேரும் வயதும் முனைக்குப் போகும் வயதும் வேறு வேறு என்று நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

அதனால் நான் கேட்பது இதுதான்: இருபது வயது நிறையாமல், இரண்டு ஆண்டு சேவை முடியாமல் யாரையும் முன்னணிக் காவல்நிலைக்கு அனுப்பக் கூடாது. நான்கு ஆண்டில் இரண்டு இப்படிப் போனால் ராணுவத்துக்கு என்ன மிஞ்சும் என்பார்கள். நியாயமான கேள்வி. அப்படியென்றால் நான்கு ஆண்டு என்பதைத்தான் மாற்ற வேண்டும். படை இளமையாக இருக்க வேண்டும் என்று சொன்ன, கார்கில் போருக்குப் பின் அரசு அமைத்த கார்கில் ஆய்வுக் குழுவே ஏழு முதல் பத்து ஆண்டுச் சேவையைத்தான் பரிந்துரைத்தது.

தாய்மார்களே, பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் படிவம் உங்கள் கையெழுத்துக்கு வரும். அவசரப்படாதீர்கள். பத்தொன்பதிலும் இருபதிலும் சேரலாம், கதவு சாத்தப்படாது. அதற்குள் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடிக்கட்டும். நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.