முதல் வளையலை யார் போடுவது?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், முதல் பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் தம்பதியருக்காக நடந்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியது)

தாய்மார்களுக்கும், பக்கத்தில் ஸ்கேன் கோப்புகளைப் பத்திரமாக மடியில் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

"நம் வீட்டுக்கென்று புதிதாக ஒரு வழக்கத்தைத் தொடங்கலாமா, பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களா?" என்று பிள்ளைத்தாய்ச்சிகள் என்னைக் கேட்பதுண்டு. தாராளமாகத் தொடங்கலாம். நம் மாவட்டத்து வடலூரில் 1867இல் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அது இன்றுவரை அணையவில்லை. மூட்டிய அன்றைக்கு அதுவும் புதுப் பழக்கம்தானே? ஊரில் பசி இருந்தது, அடுப்பு நிலைத்தது.

ஆனால் இப்போது புதுமை என்று வருபவை பெரும்பாலும் செலவுக் கணக்குகள். வளைகாப்புக்கு மண்டபம், மேடை அலங்காரம், புகைப்படக்காரர், கேக். பிள்ளைக்கு முன்னால் கடன் பிறந்துவிடுகிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பலூனை உடைத்து ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் விருந்து வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். நான் விரிக்கவில்லை.

என் கட்சி வேறு. வழக்கத்தில் இருக்கும் ஆளை விட்டுவிடாதீர்கள். அவர் செய்யும் காரியத்தை மட்டும் மாற்றுங்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதையே எடுத்துக்கொள்வோம். குடும்பத்தில் நல்ல பெயர் எடுத்த ஒருவர் தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிரசவ அறை வாசலில் கிண்ணத்தோடு நிற்கும் தாத்தாக்களிடம் நான் எவ்வளவோ மல்லுக்கட்டியிருக்கிறேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரோடு பிள்ளை வயிற்றுக்குள் கிருமியும் போய்விடும், பிள்ளை பால் குடிப்பதும் தள்ளிப்போகும். ஆனால் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு தாத்தாவை வெறுங்கையோடு அனுப்பினால் அவர் மனம் என்ன பாடுபடும்? அவருக்கு வேறு வேலை கொடுங்கள். வீட்டுக்கு வரும் நாளில் ஆரத்தி எடுத்ததும், பிள்ளையை வாசல்படி தாண்டி உள்ளே தூக்கி வருவது அவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குணம் வருவதாக இருந்தால் அந்தக் கை வழியாகவும் வரட்டுமே!

அடுத்தது வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, கலந்த சாதமும் கண்ணாடி வளையலுமாக அழகான சடங்கு. ஐந்தாறு மாதத்தில் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. வளையல் சத்தம் பிள்ளைக்குத்தான் என்று பாட்டிமார் சொல்வார்கள். ஆனால் அன்றைக்குக் கூடத்தில் யார் இல்லை என்று பாருங்கள். கணவனை இழந்த அம்மா அடுப்படியில் புளிசாதம் கிளறிக்கொண்டிருப்பார். பிள்ளையில்லாத அக்கா அன்றைக்கென்று பார்த்து "அலுவலகத்தில் வேலை" என்பாள். பத்து மாதம் சுமந்து பெற்றவளின் கை அபசகுனம் என்றால், அப்புறம் எந்தக் கைதான் நல்ல கை? உங்கள் வீட்டில் முதல் வளையலை அந்த அம்மா போடட்டும், இரண்டாவதை அக்கா போடட்டும். இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. ஆனால் முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். சபையில் திடீரென்று அறிவித்தால் புரட்சி நடக்காது, சண்டைதான் நடக்கும்.

தம்பிகளுக்கு ஒன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் பல அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகப் பழத்தோடு வந்து போகிறார்கள். மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்கு மனைவியின் பேறுகாலத்துக்கென்று 15 நாள் விடுப்பு உண்டு, கேட்டு வாங்குங்கள். அந்த விடுப்பு இல்லாதவர்கள் தினம் இரவு பத்து நிமிடம் வயிற்றுப் பக்கம் குனிந்து அன்றைய சேதியைச் சொல்லுங்கள். பெண்ணையாற்றில் தண்ணீர் வந்தது, மீன் விலை ஏறியது, எதுவானாலும் சரி. முதல் நாள் வெட்கமாக இருக்கும். மாமனார் இருமுவார். பரவாயில்லை.

வருடத்துக்கு ஒரு நாள் வேண்டுமென்றால் தை ஐந்தாம் நாளை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குப் பெண்ணையாற்றங்கரைக்கு வரும் ஆற்றுத் திருவிழா. சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் வைத்துக் காட்டிவிட்டு வாருங்கள். பிறந்தநாள் விழாவைவிட மலிவு, கூட்டமும் பெரிது.

இவ்வளவு நேரம் நான் பேசியது பாதிக் கூட்டத்துக்குத்தான். மீதிக் கூட்டம் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மாமியார்கள் யாராவது மேடைக்கு வாருங்கள் அம்மா, நான் சொன்னதில் எது உங்கள் வீட்டில் நடக்காது என்று சொல்லுங்கள். மைக் இதோ இருக்கிறது.