எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு?

அவையோருக்கு வணக்கம்.

"அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்ட, அப்புறம் அப்பாகிட்ட." விவாகரத்துப் பேச்சு எழுந்த வீட்டில் யாராவது ஒரு மாமா இப்படிச் சட்டம் சொல்லாமல் இருப்பதில்லை. இதில் பாதிதான் சரி. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (18 வயது நிறையாதவர்) மற்றும் காப்பாளர் சட்டம், 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்ததும் தந்தையிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. தந்தை காப்பாளர், 'அவருக்குப் பின்' தாய் என்று அதே 6ஆவது பிரிவில் இருப்பதைக் காட்டுவார்கள். 'பின்' என்றால் அவர் இறந்த பின் என்று மட்டும் கொள்ள வேண்டாம், அவர் பொறுப்பில் இல்லாதபோதும்தான் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே 13ஆவது பிரிவு: குழந்தையின் நலனே முதன்மை.

நலனை எப்படி அளப்பது? வாழ்க்கைத் துணையின் குற்றப் பட்டியலோடு வருகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கணவன் மனைவி சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது விவாகரத்துக்கான கேள்வி. கஸ்டடிக்கு, அதாவது குழந்தை யாரிடம் வளர்வது என்பதற்கு, நீதிபதி தேடுவது வேறு. காலையில் பள்ளிக்கு அனுப்புவது யார், காய்ச்சல் வந்தால் விடுப்புப் போடுவது யார், பெற்றோர் கூட்டத்தில் கையெழுத்து யாருடையது? தடுப்பூசி அட்டையும் பள்ளி ரசீதும் நாற்பது பக்க வசையைவிட அதிகம் பேசும். குடியும் அடியும் குழந்தையைத் தொட்டால் அது நிச்சயம் கணக்கில் வரும். சம்பளம் குறைவு என்பதற்காகத் தாயை ஒதுக்க மாட்டார்கள்; பணத்தைத் தந்தை கட்டலாம்.

மனு போடும் இடத்திலும் கவனம் வேண்டும். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம். ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையை வேறு ஊருக்குக் கொண்டுபோய், அங்கே மனு போட்டால், முதல் எதிர்வாதமே அந்த ராத்திரியைப் பற்றித்தான். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் தனி வழக்கு வேண்டாம். இந்துத் திருமணச் சட்டம் 26ஆவது பிரிவில் அதே வழக்கில் ஐ.ஏ. எனப்படும் இடைக்கால மனு போடலாம்.

அந்த இடைக்கால மனுவைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். இறுதித் தீர்ப்பு வருவதற்குள் வாய்தா வாய்தாவாக வருடங்கள் ஓடும். அதற்குள் குழந்தைக்கு ஒரு பள்ளி, ஒரு தெரு, நண்பர்கள் அமைந்துவிடும். அதைக் கலைக்க நீதிபதி தயங்குவார்.

விவரம் தெரிந்த வயதுக் குழந்தையை நீதிபதி தன் அறையில் தனியாகப் பேச வைப்பார். வயது வரம்பு எழுதப்படவில்லை. சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை 'மன உளைச்சல்' என்று சொன்னால், அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா?

இனி, பிரச்சினைகளின் ஊற்றுக்கண்: 'மாதம் இருமுறை தந்தை சந்திக்கலாம்' என்ற ஒரு வரி உத்தரவு. எந்த இரண்டு நாள்? இப்படிக் கேட்டு வாங்குங்கள்: முதல், மூன்றாம் சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 5 வரை, ஒப்படைக்கும் இடம், உடன் வருபவர், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று நாள், கோடை விடுமுறையில் பாதி, தீபாவளி ஓராண்டு இவருக்கு, மறு ஆண்டு அவருக்கு, வீடியோ அழைப்புக்கு நேரம், பாஸ்போர்ட் யார் கையில். பரஸ்பர சம்மத விவாகரத்திலும் இதே அளவு எழுதுங்கள். "பராமரிப்புத் தொகை வேண்டாம்" என்று தாய் அதில் கையெழுத்திட்டாலும் குழந்தையின் உரிமை போகாது. தொகை வரவில்லை என்று சந்திப்பை நிறுத்துவதும் தவறு, சந்திப்பு நடக்கவில்லை என்று தொகையை நிறுத்துவதும் தவறு. இரண்டுக்கும் தனித்தனி மனு உண்டு.

குடும்ப நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 30 நாள். ஆனால் நிலைமை மாறினால், வேலை வெளியூருக்குப் போனால், மறுமணமானால், பிள்ளையே வளர்ந்து வேறு சொன்னால், மேல்முறையீடு தேவையில்லை. கஸ்டடி உத்தரவு எக்காலத்துக்கும் இறுதியானதல்ல என்று சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1973லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாறிய நிலைமைக்குச் சான்று சேர்த்து, உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே மாற்றம் கேட்கலாம்.