ஓவர்டிராஃப்டில் 84,000 பாக்கி, பக்கத்தில் புது ஜிம்: கடலூர்த் தம்பிக்குப் பதில்

அடுத்த கேள்வி கடலூர் புதுப்பாளையத்திலிருந்து வந்திருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் சுருக்கிப் படிக்கிறேன்.

"சார், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 32,000 வருகிறது. சம்பளக் கணக்கை வைத்து வங்கியில் ஒரு லட்சம் வரை வேண்டும்போது கடனாக எடுத்துக்கொள்ளும் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி, தனிக் கணக்காகக் கொடுத்தார்கள். அக்கா மகன் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர், பைக் ரிப்பேர், அது இது என்று எடுத்து எடுத்து இப்போது 84,000-ல் நிற்கிறது. வட்டி 15 சதவீதம். கம்பெனி செக்கப்பில் சர்க்கரைக்குப் பார்க்கிற ஹெச்பிஏ1சி 6.1 வந்தது. உடம்பை அசைக்கச் சொல்கிறார் டாக்டர். வீட்டுப் பக்கத்தில் புது ஜிம் திறந்திருக்கிறார்கள். மாதம் 1,000, வருடத்துக்கு ஒரே தடவையாகக் கட்டினால் 9,600. ஓடியில் எடுத்துக் கட்டிவிடலாமா? முதலில் கடனை முடிங்க, ஜிம்மெல்லாம் அப்புறம் என்கிறாள் மனைவி. வேறொரு வங்கியில் அவசரத்துக்கென்று 20,000 வைத்திருக்கிறேன். அதைத் தொடலாமா?"

தம்பி, உங்கள் வீட்டம்மா சொல்வதில் பாதி சரி. கடன் முடியும் வரை ஜிம் வேண்டாம். ஆனால் உடற்பயிற்சியையே அதுவரை தள்ளிப் போட்டால் அது தப்பு. சர்க்கரை உங்கள் ஓடி முடியட்டும் என்று காத்துக்கொண்டிருக்காது.

முதலில் ஜிம் கணக்கைப் பார்த்துவிடுவோம். 9,600 ரூபாயை ஓடியில் எடுத்து வருடம் முழுக்க அப்படியே விட்டால் அதற்கு வட்டி 1,440. மொத்தம் 11,040. சம்பளத்திலிருந்து மாதாமாதம் 1,000 கொடுத்தால் 12,000. வருடச் சந்தாதான் லாபம் போலத் தெரிகிறது. ஆனால் முழுசாக 11 மாதம் போன பிறகும் உங்களுக்கு 40 ரூபாய் நஷ்டம்தான். பன்னிரண்டாவது மாதமும் போனால்தான் அந்த லாபம் கைக்கு வரும். மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்க்கிறவர், இதுவரை பயிற்சிப் பழக்கமே இல்லாதவர், பன்னிரண்டு மாதமும் விடாமல் போவாரா? போகலாம். நான் பந்தயம் கட்டமாட்டேன். அந்த ஜிம்காரரும் கட்டமாட்டார், அதனால்தான் பணத்தை முன்னாலேயே கேட்கிறார்.

சரி, இப்போது ஓடிக்கு வருவோம். உங்கள் ஸ்டேட்மென்ட்டை எடுத்து 31 நாள் உள்ள ஏதாவது ஒரு மாதத்தின் கடைசி வரியைப் பாருங்கள். 'இன்ட்ரஸ்ட் டெபிட்' என்று போட்டு 1,070 ரூபாய் சொச்சம் பற்று வைத்திருப்பார்கள். மேல் வரியில் 84,000 இருந்த பாக்கி, கீழ் வரியில் 85,070 ஆகியிருக்கும். மறுமாதம் வட்டி ஓடுவது அந்த 85,070-க்கு. நீங்கள் புதிதாக ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, பாக்கி ஏறிவிட்டது. அதே கணக்கை போனில் திறந்தால் மேலே கொட்டை எழுத்தில் என்ன வரும்? 'கிடைக்கும் இருப்பு 16,000' என்று வரும். வில்லங்கமே அந்த வரியில்தான். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காலத்தில், நன்றாகப் படித்தவர்களே "இன்னும் 16,000 இருக்கே சார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது வங்கிப் பணம். உங்கள் பணம் கழித்தல் 84,000.

ஓடிக்கு வட்டி ஒவ்வொரு நாள் முடிவிலும் நிற்கிற பாக்கிக்குப் போடுவது. உங்களுக்கு இன்றைய நிலையில் நாளொன்றுக்கு 34 ரூபாய் 50 காசு. பற்று வைப்பதுதான் மாதக் கடைசியில். இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. சாதாரணப் பர்சனல் லோனில் தவணைத் தேதிக்குக் கட்டினால் போதும். ஓடியில் இன்று காலை 5,000 போட்டு நாலு நாள் கழித்துத் திரும்ப எடுத்தாலும், அந்த நாலு நாள் வட்டி குறையும். அதனால் சம்பளம் சேமிப்புக் கணக்கில் விழுந்த அன்றே, வாடகை, கேஸ், பள்ளிக் கட்டணம் என்று உடனே போகிறதை எடுத்துவிட்டு, மீதியை அப்படியே ஓடிக்குத் தள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுச் செலவுக்கு மட்டும் எடுங்கள். சராசரியாக 12,000 அங்கே தங்கினாலே மாதம் 150 ரூபாய் வட்டி மிச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரு பைசா செலவைக் குறைக்காமல் வருகிற 150.

இதைச் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஜிபே, போன்பே எதிலாவது ஓடி கணக்கை இணைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 2018-ல் யூபிஐ 2.0 வந்தபோது ஓடி கணக்கையும் யூபிஐயில் சேர்க்க வழி வந்தது. வியாபாரிக்கு அது வசதி. மாதச் சம்பளக்காரருக்கு டீக்கடையிலிருந்தே கடன் ஏறும் வழி. ஸ்கேன் செய்கிற கணக்கில் அந்த வாரச் செலவுக்கான பணம் மட்டும் இருக்கட்டும்.

அந்த 20,000 பற்றிக் கேட்டீர்கள். சேமிப்புக் கணக்கில் இரண்டரை, மூன்று சதவீதம் கிடைத்தால் பெரிது. இங்கே 15 சதவீதம் கட்டிக்கொண்டு அங்கே அதை வாங்குவதில் அர்த்தமில்லை. 15,000-ஐ ஓடியில் போடுங்கள், 5,000 அங்கேயே இருக்கட்டும். ஏன் முழுதும் வேண்டாம் என்கிறேன்? ஓடி வருடாவருடம் புதுப்பிக்கிற விஷயம். வேலை போனால், சம்பளம் வருவது நின்றால், வங்கி லிமிட்டைக் குறைக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். பணம் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் அது நடக்கும். கையில் கொஞ்சம் இருக்க வேண்டும்.

அப்புறம் லிமிட். பாக்கி குறையக் குறைய லிமிட்டையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். பாக்கி 60,000-க்கு வந்துவிட்டால் கிளைக்குப் போய், லிமிட்டை 75,000 ஆக்குங்கள் என்று எழுதிக் கொடுங்கள். போட்டு வைத்திருக்கிற 15,000-ஐ அவசரத்துக்கு எடுக்க அது போதும். மாதாமாதம் லிமிட் தானாகவே இறங்குகிற டிராப்லைன் ஓடி என்று ஒரு வகையும் உண்டு, உங்கள் வங்கியில் மாற்றிக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். லிமிட் ஒரு லட்சமாகவே இருக்கும் வரை, யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் கை அங்கேதான் போகும்.

எவ்வளவு கட்டினால் எப்போது முடியும்? 84,000-க்கு மாதம் 2,000 கட்டினால் 5 வருடம் ஆகும், வட்டி மட்டும் ஏறக்குறைய 36,000. மாதம் 5,000 கட்டினால் 19 மாதம், வட்டி 11,000 அளவு. அதே 5,000-உடன் நீங்கள் ஜிம்முக்கு ஒதுக்க நினைத்த 1,000-ஐயும் சேர்த்து 6,000 கட்டினால் பதினைந்தரை மாதம். அந்த ஒரு ஆயிரம் மூன்றரை மாதத்தை வெட்டுகிறது. கூடவே அந்த 15,000-ஐயும் திரும்ப எடுக்காமல் கடனுக்கே விட்டுவிட்டால் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். ஓவர்டைம் பணம், தீபாவளிக்கு வருகிறது, எல்லாவற்றையும் அங்கே தள்ளினால் அதற்கு முன்னாலேயே முடியும்.

எந்த மாதமாவது முடியவில்லை என்றால் வட்டியையாவது போட்டுவிடுங்கள். தொடர்ந்து 90 நாள் பணமே போடாமல் விட்டால், அல்லது போட்டது பற்று வைத்த வட்டிக்கே போதவில்லை என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி அது வாராக்கடன் கணக்குக்குப் போய்விடும். அப்புறம் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது சிபில் அறிக்கையில் அது உட்கார்ந்திருக்கும்.

நகையை அடகு வைத்து ஓடியை அடைக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் 15-ஐவிடக் குறைவுதான், கணக்குச் சரி. ஆனால் அடைத்த அன்றே ஓடி கணக்கையும் மூட வேண்டும். மூடாவிட்டால் ஆறு மாதத்தில் நகையும் வங்கியில் இருக்கும், ஓடியும் பழையபடி நிறைந்திருக்கும்.

இனி உடம்பு. நான் வங்கிக்காரன், டாக்டர் இல்லை. மருந்து, உணவு எல்லாம் அவர் சொல்கிறபடிதான். ஆனால் 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்த அளவு, உங்கள் 6.1 நடுவில் நிற்கிறது. அதற்கு ஜிம் மெஷின் தேவையே இல்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. சென்னையில் இப்படி விளிம்பில் நின்ற 531 பேரைச் சேர்த்து 3 வருடம் பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டைத் திருத்தி, நடக்கச் சொன்னவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அவர்களுக்குச் சொன்ன பயிற்சி என்ன? பெரிதாக ஒன்றுமில்லை, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது.

உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும், இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு, கையில் 3,000 ரூபாய் வாட்ச் கட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

எங்கள் புதுச்சேரியில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். நடக்கிறவர்களுக்கு அது ஒரு கொடுப்பினை. உங்களுக்குத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது. ஆனால் அதைத் தினசரிக்கு நம்பாதீர்கள். பைக்கில் போய், நடந்து, திரும்பும்போது மிளகாய் பஜ்ஜி வாசனை இழுத்து, குடும்பத்தோடு போயிருந்தால் ஐஸ்க்ரீமும் சேர்ந்து, 200 ரூபாய் போய்விடும். உங்கள் ஓடியின் ஆறு நாள் வட்டி அது. ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஈர மணலில் செருப்போடு நடங்கள். மற்ற நாளைக்குத் தெருவும் மஞ்சக்குப்பம் மைதானமும் போதும்.

ஷிஃப்ட் மாறுகிறவர்களுக்குக் காலை 5 மணி என்று நேரம் குறிப்பதில் பிரயோஜனமில்லை. இந்த வாரம் 5 மணிக்கு எழுந்திருப்பீர்கள், அடுத்த வாரம் அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நிற்பீர்கள். அதனால் மணியை விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் சாப்பிட்டுக் கை கழுவியதும் 10, 15 நிமிடம் நடை. சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரையைக் குறைக்கவும் அது உதவும். நைட் ஷிஃப்டில் கேன்டீனுக்கு வெளியே வளாகத்துக்குள்ளேயே நடக்கலாம். கம்பெனி பஸ் இருந்தால், ஏறுகிற இடம் வரை பைக்கில் போகாமல் நடந்து போங்கள், பெட்ரோலும் மிச்சம்.

தசைக்கு நம் பழைய சரக்கு போதும். தோப்புக்கரணம், பஸ்கி, தண்டால். தண்டால் முதலில் வராது, சுவரில் கை ஊன்றி ஆரம்பியுங்கள், அப்புறம் திண்ணை, அப்புறம் தரை. ஐப்பசி, கார்த்திகையில் இதுதான் கைகொடுக்கும். நம் பக்கத்தில் அடைமழை பிடித்தால் நடை நின்றுவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது தெருவில் கால் வைக்க முடிந்ததா? அந்த மாதிரி வாரத்தில்தான் பலருக்குப் பழக்கம் அறுந்து, பொங்கல் வரை மீளாமல் போகிறது. வீட்டுக்குள் செய்கிற பத்து நிமிடம் ஒன்று முன்பே பழகியிருக்க வேண்டும்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, காலுக்குப் பொருந்துகிற ஷூ. சர்க்கரை விளிம்பில் இருக்கிறவர் பாதத்தில் புண் வரவிடக்கூடாது. ஆயிரத்துக்குள் நல்லதாகவே கிடைக்கும். புரோட்டீன் பவுடர், விளம்பரம் போட்டு விற்கிற டிரெட்மில், அது எதுவும் வேண்டாம். தவணையில் வாங்கிய டிரெட்மில்லில் துணி காய்வதை நானே சில வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுவது. அதனால் மூன்று மாதம் கழித்து டாக்டர் சொன்னால் மறுபடி பாருங்கள், மாதாமாதம் பரிசோதனைக் கூடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஓடி பூஜ்யத்துக்கு வந்த அன்றைக்குச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். பயன்படுத்தாத லிமிட்டுக்கும் சில வங்கிகள் வருடக் கட்டணம் பிடிக்கும். கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் மூடியதாக வந்துவிட்டதா என்று பாருங்கள். அதற்கு மேலும் ஜிம் ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள். சம்பளப் பணத்தில், மாதச் சந்தாவாக.