சில்வர் ஓக் வந்தது, குக்குறுவான் எங்கே போனது?

ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, எங்கள் காபித் தோட்டத்தில் தாத்தா காலத்து அத்தி மரங்களை எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைத்தோம். நிழல் ஒன்றும் குறையவில்லை. ஆனால் குக்குறுவான் பறவையின் சத்தம் குறைந்துவிட்டது. உண்ணிச்செடி மட்டும் வேலி ஓரமாக வந்து இப்போது உள்ளே இறங்கிவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா?"

இருக்கிறது தம்பி. நிழல் குறையவில்லை என்கிறீர்கள், சரி. குக்குறுவான் நிழலுக்கா வந்தது? பழத்துக்கு வந்தது.

அத்தியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். உண்மையில் அத்தி தவறாமல் பூக்கிறது. பூவெல்லாம் காய்க்குள்ளேயே இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. மிகச் சின்னக் குளவி ஒன்று காய் நுனியில் இருக்கும் துளை வழியாக உள்ளே நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையும் இட்டுவிட்டு அங்கேயே செத்துப்போகும். அதன் பெண் குஞ்சுகள் மகரந்தத்தோடு வெளியே வரும். அவற்றுக்கு ஆயுள் ஓரிரண்டு நாள்தான். அதற்குள் சரியான பருவத்தில் இருக்கும் இன்னொரு அத்தி கிடைத்தாக வேண்டும். அதனால்தான் ஊரில் உள்ள அத்தி எல்லாம் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை. ஒன்று முடிக்கும்போது இன்னொன்று ஆரம்பிக்கும். காட்டில் வேறு பழமே இல்லாத நாளில் குக்குறுவானுக்கும் மரநாய்க்கும் வௌவாலுக்கும் சோறு போடுவது இந்த முறைவைப்புதான். நீங்கள் எடுத்தது நாலு மரம் என்றாலும், அந்த வரிசையில் நாலு இடம் காலியாகிறது.

சில்வர் ஓக்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராக ஓங்கும், மிளகுக்கொடி ஏற்றலாம், கல்யாணச் செலவுக்கு வெட்டி விற்கலாம். நம் மலைக்குக் காபியே 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து வைத்ததுதானே! சில்வர் ஓக் பூத்தால் தேன்சிட்டும் தேனீயும் வரும். ஆனால் சதைப்பழம் கிடையாது. விதைக்கு இறக்கை உண்டு, காற்று கொண்டுபோய்விடும். அதற்குப் பறவையே தேவையில்லை.

கூடு இன்னொரு பிரச்சினை. குக்குறுவான் பட்டுப்போன கிளையைக் குடைந்துதான் பொந்து வைக்கும். கவாத்து அடித்து வளர்க்கும் இளமரத்தில் பட்ட கிளைக்கு எங்கே போகும்? நம் மலையில் இருக்கிற வெண்கன்னக் குக்குறுவான் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவை. கிழக்கே அது இருக்கும் சில இடங்களில் நம் சேர்வராயன் மலையும் சித்தேரி மலையும் உண்டு. அதனால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் அதிகம்.

இப்போது உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்துச் செடி, அழகுக்காகக் கொண்டுவந்தது. மிளகளவு கறுப்புப் பழம், கொண்டைக்குருவி அப்படியே விழுங்கிவிடும். விழுங்கியதை எங்கே போடும்? உட்காரும் இடத்தில். தோட்டத்தில் அது உட்காருவது வேலிக்கம்பியில். உங்கள் உண்ணிச்செடி வேலியில் ஆரம்பித்தது இதனால்தான். பழைய மரத்தை எடுத்தபோது திறந்த வெயில் மீதி வேலையைப் பார்த்திருக்கும். நாவல் மாதிரி பெரிய கொட்டையை அந்தக் குருவி விழுங்காது, சதையைக் கொத்திவிட்டுக் கீழே போடும். அதைத் தூரம் கொண்டுபோக மரநாய், வௌவால் வேண்டும். ஆக, பறவையே வராமல் போகவில்லை. வருகிற ஆள் மாறிவிட்டார், அவர் கொண்டுவரும் விதையும் மாறிவிட்டது.

காபி விளைச்சல் பற்றி ஒரு வார்த்தை. அராபிகா தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், தேனீ வந்தால் கூடுதலாகப் பிடிக்கும். ரொபஸ்டாவுக்கு வேறு செடி மகரந்தம் கட்டாயம் வேண்டும். பூமழை, அதாவது காபியைப் பூக்க வைக்கும் மழை, பெய்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். மீதி வருஷம் முழுவதும் தேனீ வேறு எதையாவது தின்றுதானே உயிரோடு இருக்க வேண்டும்?

என்ன செய்யலாம்? சில்வர் ஓக்கை வெட்டச் சொல்லவில்லை. மழை பிடித்ததும் எல்லையில் அத்தி கொஞ்சம், உள்ளே முள்முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) கொஞ்சம் வையுங்கள். முள்முருங்கை இலை உதிர்த்து நிற்கும்போதே சிவப்பாகப் பூக்கும், மைனா தேன் குடிக்க வந்துவிடும். நாவல் கொட்டையை நீங்களே கையால் ஊன்றுங்கள், மரநாய்க்காகக் காத்திருக்க வேண்டாம். கன்றுக்குக் கூண்டு கட்டுங்கள், காட்டெருமை மிதித்துவிட்டால் அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். உண்ணிச்செடியைத் தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பழம் பழுப்பதற்கு முன்பே, மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள், வேர் மண்ணைத் தொடக் கூடாது.

சரி, அடுத்த கேள்வி வாழப்பாடியிலிருந்து.