அலாரத்துக்கு ஒரு புள்ளி போதும்

வணக்கம். இன்றைக்கு முகம் காட்டவில்லை, மேஜையை மட்டும் பாருங்கள். மன்னார்குடியில் நம்ம செல்போன் ரிப்பேர் கடைதான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பேசுகிறேன். வழக்கமாக டிஸ்ப்ளே, சார்ஜிங் பின் என்று ஓடும். இன்று ஒரு மாத்திரைக் கதை. கதைக்குச் சொந்தக்காரன் என் சிநேகிதன். "பேரையும் ஊரையும் விட்டுடு, மிச்சத்தைச் சொல்லிக்கோ" என்று சொல்லியிருக்கிறான்.

அவன் போடுவது பிரெப். எச்.ஐ.வி. இல்லாதவர்கள், அது வராமலிருக்கப் போடுகிற மாத்திரை. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் சேர்ந்தது, தினம் ஒன்று. அமெரிக்காவில் 2012-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். அவன் ஏன் போடுகிறான் என்பது அவன் விஷயம்.

இந்த மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டால் வேலைக்காகாது. 2010-இல் வந்த ஐபிரெக்ஸ் ஆய்வில், மாத்திரை வாங்கியவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது தொற்று 44 சதவீதம்தான் குறைந்திருந்தது. ரத்தத்தில் மருந்து இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 90-க்கும் மேல். மற்றவர்களுடைய மாத்திரை டப்பாவிலேயே தூங்கியிருக்கிறது.

அதனால் என்னிடம் வந்தான். ராத்திரி 9 மணிக்கு அலாரம் வை என்றேன். பெயர் என்ன போடுவது? அவர்கள் வீட்டில் போன் பொதுச்சொத்து. தங்கை எடுப்பாள், சித்தப்பா எடுப்பார். சரி, டெல்டாக்காரன்தானே, "மோட்டார்" என்று போட்டுவிட்டோம். இரண்டாம் நாள் அலாரம் அடிக்கிறது, இவன் குளித்துக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா போனைப் பார்த்தார், டார்ச்சை எடுத்தார், வரப்பில் நடந்துபோய் பம்புசெட்டைப் போட்டுவிட்டு வந்தார். பாய்ச்ச வேண்டாத வயலில் விடிய விடியத் தண்ணீர்! இப்போது அந்த அலாரத்துக்குப் பெயர் வெறும் ஒரு புள்ளி.

முதலில் அவன் ஏதோ ஒரு நினைவூட்டும் ஆப் போட்டு வைத்திருந்தான், அது பாதி நாள் அடிக்கவே இல்லை. விலை குறைந்த போன்களில் பேட்டரி சேமிப்பு இந்த மாதிரி ஆப்களைத் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் போனோடு வந்த கடிகாரத்தையே நம்புங்கள். லாக் ஸ்கிரீனில் மெசேஜ் வாசகம் தெரியாதபடியும் மறைத்துவிடுங்கள். இதற்கெல்லாம் யாரும் கடைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

நம் நாட்டுக் காசநோய் நோயாளிகளுக்கு 99டாட்ஸ் என்று ஒரு ஏற்பாடு வந்தது. மாத்திரையை எடுத்தால் அட்டைக்குள் ஒளிந்திருக்கும் நம்பர் தெரியும், அதற்கு ஒரு மிஸ்டு கால். காசு கிடையாது. மிஸ்டு காலிலேயே குடும்பம் நடத்தியவர்கள் நாம், நமக்கென்றே யோசித்த மாதிரி இருக்கிறது. ஆனால் கால் கொடுத்துவிட்டு மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவனை அது என்ன செய்யும்?

அடிக்கிறது என்பதற்காக மட்டும் ஆள் கேட்டுவிடுவதில்லை. தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. சிகிச்சையில் இருந்த 631 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2014-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு 96 வாரம், வாரம் ஒரு தானியங்கிக் குரல் அழைப்பும் ஒரு படமும் போயின. போகாதவர்களைவிட அவர்களுக்கு நிலைமை தேறவில்லை. கென்யாவில் 2010-இல் வேறு கதை. நர்ஸ் வாரம் ஒருமுறை "மாம்போ?" என்று மெசேஜ் போடுவார், நம்ம "எப்படி இருக்கீங்க" மாதிரி. "ஸாவா" என்று பதில் வந்தால் சரி என்று அர்த்தம் (நம் காதில் அது வேறு மாதிரி விழும்!). "ஷிடா" என்றால் பிரச்சினை. அப்படி வந்தாலோ, இரண்டு நாளில் பதிலே வராவிட்டாலோ நர்ஸே கூப்பிடுவார். அங்கே மெசேஜ் போனவர்களில் மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்கள் 62 சதவீதம், போகாதவர்களில் 50. நாடு வேறு, ஆய்வு செய்த விதம் வேறு, இருந்தாலும் கூப்பிட ஒரு ஆள் இருந்ததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

அதைப் பார்த்துத்தான் வெள்ளிக்கிழமை தோறும் "எப்படிடா இருக்கே?" என்று போடுகிறேன். மாத்திரை என்ற வார்த்தையே வராது. போன வாரம் பதில் இல்லை. கூப்பிட்டால் கும்பகோணத்தில் கல்யாண வீடு, டப்பா இங்கே அலமாரியில். இரண்டு நாள் போச்சு. விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடாதே, டாக்டரைக் கேள் என்று திட்டினேன்.

யாரும் கேள்விப்பட்டதும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதனை, சிறுநீரகம், மஞ்சள் காமாலை பி. அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, கிட்டத்தட்ட ஒரு குறுவையின் வயசு. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். சந்தேகம் என்றால் 1097-க்குப் போடுங்கள், அதுவும் இலவசம். உங்கள் விவரத்தை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று 2017-லேயே சட்டம் இருக்கிறது.

மணி ஒன்பது. அங்கே புள்ளி அடித்திருக்கும். இங்கே ஷட்டரைத் தட்டுகிறார்கள், டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தவர். வரேன்.