தேடுகிறவர் அடிக்கும் சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழில் இணையதளமோ வலைப்பூவோ நடத்துகிற பலருக்கும் உள்ள குறை ஒன்றுதான்: எழுதிப் போடுகிறோம், படிக்க ஆள் வருவதில்லை. கட்டுரை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தேடுகிறவர் கூகுளில் அடிக்கும் சொல் ஒன்று, கட்டுரையில் இருக்கும் சொல் வேறொன்று. இதைச் சரிசெய்வது எப்படி என்று பார்ப்போம். மாடித்தோட்டம் பற்றி ஒருவர் தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அந்தத் தளத்திலேயே பொருத்திப் பார்த்துவிடலாம்.

அவர் முதலில் ஆசைப்படுவது 'தக்காளி' என்ற ஒற்றைச் சொல்லுக்கு. வேண்டாம். தக்காளி என்று மட்டும் அடிப்பவருக்கு வேண்டியது இன்றைய விலையா, தொக்கா, முகத்தில் பூசும் குறிப்பா, செடி வளர்ப்பா? யாருக்கும் தெரியாது. 'தக்காளி விலை இன்று' என்றால் நோக்கம் தெளிவு, ஆனால் தோட்டக்காரருக்கு அங்கே வேலையில்லை. 'தொட்டியில் தக்காளி வளர்ப்பது எப்படி' என்பது அவருடைய இடம். 'தக்காளி செடியில் பூ உதிர்கிறது' என்பது அதைவிட நல்ல இடம். சொற்றொடர் நீளும்போது தேடுபவர் எண்ணிக்கை குறையும், உண்மைதான். வருகிறவர் தேவையோடு வருவார், நின்று படிப்பார். நாள்தோறும் வரும் தேடல்களில் ஏறக்குறைய 15 விழுக்காடு அதற்கு முன் ஒருமுறைகூடக் கேட்கப்படாதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அத்தனை விதமாக மக்கள் கேட்கிறார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் சறுக்குகிறார்கள். செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சுபோல அப்பியிருப்பது மாவுப்பூச்சி என்று அவருக்குத் தெரியும். தலைப்பும் 'மாவுப்பூச்சி மேலாண்மை' என்று வைக்கிறார். செடி வாடி நிற்கும் வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அவர் அடிப்பது 'செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி'. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற அறிகுறி தலைப்பில் இருக்கட்டும், பெயர் முதல் பத்தியில் வரட்டும். 'மேலாண்மை' என்ற சொல்லைக் கருத்தரங்குக்கு விட்டுவிடலாம். 2017-இல் கூகுளின் குரல் தேடல் தமிழுக்கும் வந்தது. தட்டச்சுத் தெரியாதவரும் 'பூ எல்லாம் கொட்டுது, என்ன பண்றது' என்று பேச்சுத்தமிழிலேயே கேட்டுவிடலாம்.

சரி, இந்தச் சொற்களை எங்கே பொறுக்குவது? உலாவியில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். வழக்கமான சாளரத்தில் உங்கள் பழைய தேடல்களே பரிந்துரையாக வந்து ஏமாற்றும். 'தக்காளி செடி' என்று அடித்து ஓர் இடைவெளி விடுங்கள். கீழே விழும் பட்டியலைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்தில் அ, இ, உ, க, ப என்று ஓரோர் எழுத்தாகப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் பட்டியல் மாறும். முடிவுப் பக்கத்தின் அடியில் தொடர்புள்ள தேடல்கள் என்று சில இருக்கும், அவற்றையும் எடுங்கள். தோட்டக்கலை யூடியூப் காணொளிகளின் கீழே மக்கள் கேட்கும் கேள்விகள் இன்னொரு சுரங்கம். கேள்வி எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அதே சொற்களில் குறியுங்கள். திருத்தாதீர்கள்.

இனித் தமிழுக்கே உரிய சிக்கல். ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது. 'மாடித்தோட்டம்' என்று வல்லினம் மிகுந்து சேர்த்து எழுதுவது இலக்கணம். 'மாடி தோட்டம்' என்று பிரித்து அடிப்பவர்கள் ஏராளம். ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் அதைவிடக் குழப்பம்: எம், ஏ, டி, ஐ என்று தொடங்குவார் ஒருவர். இரண்டு ஏ போடுவார் இன்னொருவர். ஊருக்கு ஊர் சொல்லும் மாறும். வேர்க்கடலை, நிலக்கடலை, விழுப்புரம் பக்கம் மல்லாட்டை, இலங்கையில் கச்சான். நம் பப்பாளி அங்கே பப்பாசி.

இத்தனைக்கும் தனித்தனிப் பக்கம் எழுத வேண்டுமா? ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு வடிவங்களையும் தனித்தனியாகத் தேடி, முதல் பத்து முடிவுகளை அருகருகே வையுங்கள். ஏழெட்டு ஒன்றாகவே இருந்தால் கூகுள் இரண்டையும் ஒரே கேள்வியாகப் பார்க்கிறது, ஒரு பக்கம் போதும். இரண்டு மூன்றுதான் பொதுவாக இருந்தால் அவை வேறு கேள்விகள். வட்டாரச் சொற்களை ஒரே கட்டுரைக்குள் 'இலங்கையில் கச்சான் என்பார்கள்' என்று ஒரு வரியில் இயல்பாகச் சேர்த்துவிடலாம். தப்பான எழுத்தை வேண்டுமென்றே போட்டு ஆள் பிடிக்கப் பார்க்காதீர்கள். படிக்கிறவர் மதிக்கமாட்டார்.

எதை அதிகம் பேர் தேடுகிறார்கள் என்று ஒப்பிட கூகுள் ட்ரெண்ட்ஸ் இலவசம். பல சொற்களை அருகருகே ஒப்பிடலாம், 2004 முதல் தரவு உண்டு. அதில் தெரியும் 100 என்ற எண்ணை நூறு தேடல் என்று படித்துவிடுகிறார்கள். அது அந்தக் காலத்தின் உச்சம், மற்றவை அதற்கு ஒப்பான அளவு, அவ்வளவுதான். எழுத்து மாறுபாடுகளையும் அது தனித்தனிச் சொல்லாகவே எண்ணும். எண்ணிக்கை வேண்டுமானால் கூகுள் விளம்பரக் கணக்கில் கீவேர்ட் பிளானர் இருக்கிறது. விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவருக்கு 100 முதல் 1,000 வரை என்று அகலமான வீச்சைத்தான் காட்டும். தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்குத் தரவே இல்லை என்றும் வரும். அதைப் பார்த்துச் சொல்லைக் கைவிட வேண்டாம். தேடல் பட்டியில் பரிந்துரையாக வருகிற சொல் என்றால் யாரோ தேடுகிறார்கள் என்றே பொருள்.

தேர்ந்த சொல்லை எங்கே வைப்பது? தலைப்பின் முதல் நான்கைந்து சொற்களுக்குள். தமிழ் எழுத்து அகலமானது, தேடல் முடிவில் தலைப்பின் வால் வெட்டுப்பட்டுவிடும். பிறகு முதல் பத்தியில் ஒருமுறை, பொருந்தினால் ஓர் உட்தலைப்பில், படத்துக்கு விளக்கமாகக் கொடுக்கும் மாற்று உரையில். இதற்குமேல் எண்ணிக் கொண்டிருக்கத் தேவையில்லை. இத்தனை விழுக்காடு வரவேண்டும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பொருட்படுத்த வேண்டாம். கட்டுரை அடியில் ஐம்பது குறிச்சொற்களைக் கொட்டுவதும் வீண். பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக வைக்கும் 'கீவேர்ட்ஸ்' குறிப்பைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

பக்க முகவரியைப் பலர் கவனிப்பதே இல்லை. 'தமிழ்' என்ற சொல்லை முகவரியில் வைத்து நகலெடுத்து ஒட்டினால், விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக 45 எழுத்தாக விரியலாம். பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் முகவரியில் 'பிளாக் போஸ்ட்' என்றும் ஓர் எண்ணும்தான் விழும். வெளியிடுவதற்கு முன்பே, முகவரியை அமைக்கும் பெர்மாலிங்க் பகுதியில் கஸ்டம் என்பதைத் தேர்ந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களாகச் சுருக்கமாகக் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் தேடுபவரின் சொல்லுக்கும் அங்கே இடம் கிடைத்துவிடும்.

ஒரே சொல்லைக் குறிவைத்து மூன்று கட்டுரை எழுதுவதும் அடிக்கடி நடக்கிற தவறு. மூன்றும் ஒன்றோடொன்று மோதி, எதுவும் மேலே வராமல் போகலாம். மூன்றில் நல்லதை வைத்துக்கொண்டு, மற்றவற்றின் சரக்கை அதில் சேர்த்து, பழைய முகவரிகளை 301 எனப்படும் நிரந்தரத் திருப்பிவிடலால் அதற்கே அனுப்பிவிடுங்கள்.

காலமும் முக்கியம். ஆடிப் பட்டம் தேடி விதை என்றார்கள். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். விதை கேட்டு மக்கள் தேடும்போது பக்கம் கூகுளில் பதிந்து நிலைபெற்றிருக்க வேண்டும் என்றால், மே மாதமே வெளியிட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டுக்குப் புதிய பக்கம் வேண்டாம், அதையே புதுப்பித்தால் போதும். முகவரியில் ஆண்டைப் போட்டுவிட்டால் இது கெடும்.

வெளியிட்ட பின், தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து பாருங்கள். 16 மாதத் தரவு இருக்கும். உங்கள் பக்கம் எந்தெந்தத் தேடலில் தலைகாட்டியது, எத்தனை முறை, சராசரியாக எத்தனையாவது இடம், எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று வரிசையாகத் தெரியும். எட்டாவது இடத்திலிருந்து இருபதாவது வரை நிற்கும் சொற்களைத் தனியே எடுங்கள். கொஞ்சம் தள்ளிவிட்டால் முதல் பக்கத்தில் மேலேறக் கூடியவை அவை, அந்தக் கேள்விக்கான பதிலைக் கட்டுரையில் ஒரு பத்தி கூட்டுங்கள். மேலே இருந்தும் சொடுக்கு விழவில்லை என்றால் முதலில் தலைப்பைப் பாருங்கள். மாற்றினால் குறைந்தது மூன்று நான்கு வாரம் விட்டுப் பாருங்கள். வாரம் ஒரு தலைப்பு மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

அதே பட்டியலில், நீங்கள் எழுதவே இல்லாத ஒரு கேள்வியும் வந்து நிற்கும். 'தொட்டியில் தக்காளி எத்தனை நாளில் காய்க்கும்' என்று யாரோ கேட்டிருப்பார், கூகுள் வேறு வழியில்லாமல் உங்கள் உரக் கட்டுரையை நாற்பதாவது இடத்தில் காட்டியிருக்கும். அடுத்த கட்டுரையின் தலைப்பு அதுதான்.

நன்றி, வணக்கம்.