விசில் வைத்திருக்கும் கை

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, பிள்ளைகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சியாட்டில் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர்களே, வணக்கம்.

‘அரசுப் பள்ளி ஆசிரியர் பணியில் இருக்கும்போது மாணவர் முன்னிலையில் வழிபடுவது உரிமையா, அத்துமீறலா?’ இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. அத்துமீறலே என்று பேச வந்திருக்கிறேன். நான் சாமி இல்லை என்று சொல்கிறவள் அல்ல. காலையில் விளக்கேற்றாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டேன். அதனால் என்னைப் பக்திக்கு எதிரி என்று மட்டும் எதிரணி சொல்லிவிட வேண்டாம்.

எதிரணித் தலைவர் பிரெமர்டன் வழக்கை எடுத்து வைத்தார். ‘ஆட்டம் முடிந்ததும் மண்டியிட்டு அரை நிமிடம் ஜெபித்த ஒரு கோச்சை ஒதுக்கி வைத்தார்கள், உச்ச நீதிமன்றமே கடைசியில் அவர் பக்கம் நின்றது’ என்றார். கைதட்டலும் பலமாக இருந்தது. சரி, அந்த வழக்கையே நானும் எடுத்துக்கொள்கிறேன். சியாட்டில் துறையில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் பிரெமர்டன். பக்கத்து ஊர்க் கதையை முழுவதுமாகக் கேட்டுவிடுவோம்.

ஜோசஃப் கென்னடி 2008இல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்துக் கோச்சாகச் சேர்ந்தார். மரைன் படையில் இருந்தவர். பெரிய அணிக்குத் துணைக் கோச், இளைய அணிக்குத் தலைமைக் கோச். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவே, 50 யார்டு கோட்டில், தனியாக மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்வார். சில பையன்கள் ‘நாங்களும் வரலாமா?’ என்று கேட்டார்கள். ‘இது சுதந்திர நாடு, உங்கள் விருப்பம்’ என்றார். அப்புறம் சிலர் பலரானார்கள். எதிர் அணிப் பிள்ளைகளும் வந்தார்கள். சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு மதம் கலந்த ஊக்கப் பேச்சும் சேர்ந்துகொண்டது. இப்படி 7 ஆண்டுகள்.

‘யாரை அவர் கட்டாயப்படுத்தினார்?’ என்று கேட்டார் எதிரணித் தலைவர். வாய்விட்டு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வழக்குப் பதிவில் ஒரு பெற்றோரின் புகார் இருக்கிறது. அவர்களுடைய மகனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருந்தும் போய்ச் சேர்ந்து நின்றான். போகாவிட்டால் ஆட விடுவது குறைந்துவிடுமோ என்று பயந்தான்.

அந்தப் பயத்தை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் மகன் ஏழாம் வகுப்பில் பள்ளிக் கால்பந்து அணியில் இருந்தான். கோச் தங்கமான மனிதர். மழையில் நனைந்த பிள்ளைகளுக்குத் தன் காரிலிருந்து துண்டு எடுத்துக் கொடுப்பார். ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து ஜெபிப்பார். ஒருநாள் இரவு நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ‘அம்மா, இயேசு பேரைச் சொல்லி ஆமென் சொன்னா நம்ம சாமி கோச்சுக்குமா?’ என்று கேட்டான். ‘கோச்சுக்காதுடா. நீ விரும்பித்தான் சொன்னியா?’ என்றேன். ‘இல்லம்மா. சனிக்கிழமை யாரை இறக்கறதுன்னு அவர்தானே முடிவு பண்ணுவார்?’ என்றான்.

அவனுக்கு 12 வயது. அந்த நல்ல மனிதர் ஒரு வார்த்தை மிரட்டவில்லை, நடுவர் அவர்களே. மிரட்டத் தேவையே இல்லை. யாரை இறக்குவது, யாரை பெஞ்சில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் கையில் விசில் இருக்கிறது. அந்தக் கை குவிந்தால், பிள்ளைகளின் கை தானாகக் குவியும். அதை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரெமர்டன் பள்ளி நிர்வாகம் கென்னடியை ஜெபிக்கவே கூடாது என்றதா? இல்லை. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல், பிள்ளைகளைச் சேர்க்காமல் ஜெபியுங்கள், வேண்டுமானால் பள்ளிக்குள்ளேயே தனி இடம் தருகிறோம் என்றது. 2015 செப்டம்பரில் ஒரு நாள் ஜெபிக்காமலேயே கிளம்பிப் போனவர், வழியில் மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, எல்லோரும் போன பிறகு வெறும் மைதானத்தில் ஜெபித்துவிட்டுப் போனார். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதைதான் வருகிறது. அந்த ஜெபத்தை யாரும் தடுக்கவில்லை. அவருக்கு அது போதவில்லை. ஆட்டம் முடிந்த கையோடு, நடு மைதானத்தில்தான் ஜெபிப்பேன் என்று ஊடகங்களில் அறிவித்தார். அக்டோபர் 16 அன்று கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. பள்ளி பேண்டு வாத்தியப் பிள்ளைகள் சிலர் கீழே தள்ளப்பட்டார்கள். மாதக் கடைசியில்தான் நிர்வாகம் அவரைச் சம்பளத்தோடு விடுப்பில் அனுப்பியது.

கென்னடி வழக்குப் போட்டார். 2022 ஜூன் 27 அன்று, உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 3 என்று அவர் பக்கம் தீர்ப்பு. நீதிபதி நீல் கோர்சச் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அக்டோபர் மாதத்து மூன்று ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இது அமைதியான தனிப்பட்ட ஜெபம் என்றது. நீதிபதி சோனியா சோட்டோமேயர் தன் மாற்றுத் தீர்ப்பில் புகைப்படங்களையே அச்சிட்டார். நடுவில் கோச், சுற்றிலும் மண்டியிட்ட பிள்ளைகள். 7 ஆண்டுப் பழக்கத்தை ஒதுக்கிவிட்டு மூன்று இரவுகளை மட்டும் பார்த்தால் எதுவும் தனிப்பட்டதாகத்தான் தெரியும். சட்டம் இன்று எதிரணியின் கையில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் தலைப்பு சட்டம் என்ன சொல்கிறது என்பதல்ல. எது முறை என்பது.

ஆசிரியரும் மனிதர்தான், அவருக்கும் உரிமை உண்டு என்றார்கள். உண்டு. கழுத்தில் சிலுவை போடட்டும், தலையில் முக்காடு அணியட்டும், நெற்றியில் திருநீறு பூசட்டும், சாப்பிடும் முன் கண்ணை மூடிக்கொள்ளட்டும். அதற்கு ஆபத்து வந்தால் நானே அவருக்காகப் பேசுவேன். பிள்ளைகளை வைத்திருக்கும் பொறுப்பில் நிற்கும் நேரத்தில், அவர்களைச் சுற்றி வைத்துக்கொண்டு வழிபடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இதை எதிர்ப்பவர்கள் நாத்திகர்கள் என்றும் சொன்னார்கள். டெக்சாஸில் சான்டா ஃபே என்ற ஊரில், பள்ளிக் கால்பந்து ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபம். வழக்குப் போட்டது யார் தெரியுமா? ஒரு மார்மன் குடும்பம், ஒரு கத்தோலிக்கக் குடும்பம். இயேசுவைக் கும்பிடுகிறவர்கள். தங்கள் பிள்ளைக்கு ஜெபம் சொல்லித்தரும் வேலை தங்களுடையது என்று நினைத்தவர்கள். பெயரை வெளியே சொல்லக்கூட முடியாமல் வழக்காடினார்கள். அவர்கள் யார் என்று துருவிக் கண்டுபிடிக்க முயன்றவர்களை நீதிமன்றமே எச்சரிக்க வேண்டி வந்தது. 2000இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அவர்கள் பக்கம் நின்றது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் வாய் திறக்காமல் கழித்த நாட்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

இன்னும் பின்னால் போனால் 1844இல் ஃபிலடெல்ஃபியா. பள்ளியில் படிப்பது புராட்டஸ்டண்டுகளின் பைபிளா, கத்தோலிக்கர்களின் பைபிளா என்ற சண்டை கலவரமாக மூண்டது. உயிர்கள் போயின, இரண்டு கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்தன.

அரசுக்கும் மதத்துக்கும் நடுவே மதில் என்ற சொல் இவ்வளவு பிரபலமானதே, அதற்குக் காரணமான கடிதத்தை எழுதியவர்களும் பக்தர்கள்தான். கனெக்டிகட் மாநிலத்தில் அப்போது காங்கிரிகேஷனல் என்ற கிறிஸ்தவச் சபைதான் அரசு ஆதரவு பெற்ற சபை. அதற்கு வரி கட்டாமல் இருக்க வேண்டுமென்றால், பாப்டிஸ்டுகள் ‘நாங்கள் வேறு சபை’ என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். டான்பரி பாப்டிஸ்டுகள் இதைச் சொல்லி அதிபர் ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். 1802 புத்தாண்டு நாளில் அவர் எழுதிய பதிலில்தான் அந்த மதில் வருகிறது. சின்னச் சபை தன் சாமியைத் தன் போக்கில் கும்பிடுவதற்குக் கேட்ட பாதுகாப்பு அது. இந்த ஊரில் நாமும் சின்னச் சபைதானே, நடுவர் அவர்களே!

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். கென்னடி வேலையைத் திரும்பப் பெற்றார். 2023 செப்டம்பர் 1 அன்று ஓர் ஆட்டத்துக்குக் கோச்சாக இருந்தார், நடு மைதானத்தில் ஜெபித்தார், சில நாட்களில் பதவி விலகிவிட்டார். அவர் பெயரில் வழக்கு இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. ஆட விடமாட்டார்களோ என்று பயந்து நம்பாத சாமிக்கு மண்டியிட்ட பையனுக்கு, அந்தப் பதிவில் ஒரு வரி இருக்கிறது. பெயர்கூட இல்லை. இந்த மேடையிலாவது தீர்ப்பு அவன் பக்கம் வரட்டும் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.